டிரான்சிஷனல் ஜஸ்டிஸ்னா 'இடைக்கால நீதி' இல்லைங்க

டிரான்சிஷனல் ஜஸ்டிஸ்ங்கிற சொல்லுக்கு நிறைய பேர் 'இடைக்கால நீதி'ன்னு எழுதுறாங்க. பார்க்க சரியாத்தான் இருக்கு, ஆனா நமக்கு இடைக்காலம்னா என்ன ஞாபகம் வரும்? இடைக்காலத் தடை, இடைக்கால பட்ஜெட், இடைக்கால ஜாமீன். அதாவது அப்புறம் முழுசா வரப்போற ஒன்னுக்கு இப்போதைக்கு ஒரு ஒட்டு. இந்தச் சொல்லோட அர்த்தம் அது இல்ல. இங்க மாறுறது நீதி இல்ல, நாடு.

டிரான்சிஷன்கிறதுக்கு வேர் லத்தீன், 'கடந்து போறது'ன்னு பொருள், ஏர்போர்ட்ல டிரான்சிட்னு சொல்றோமே அதே வேர்தான். ராணுவ ஆட்சியோ உள்நாட்டுப் போரோ முடிஞ்சு நாடு இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போறப்ப நடந்த அநியாயத்துக்கெல்லாம் என்ன பதில் சொல்றதுங்கிறதுதான் விஷயம். அர்ஜென்டினாவுல 1983ல ராணுவ ஆட்சி போய் 1985லயே ஜெனரல்களை கோர்ட்டுல நிறுத்தினாங்க, ஆனா சொல்லு பரவலானது 1990களோட ஆரம்பத்துலதான். இப்ப ஐநா கணக்குல இதுக்கு நாலு கால்: உண்மையை வெளிய கொண்டுவர்றது, வழக்கு, இழப்பீடு, திரும்ப நடக்காம பார்த்துக்கிறது.

இதுக்கும் பயங்கரவாத ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம்னா, தென் அமெரிக்காவுல இருக்கிற பெரு நாட்டைப் பார்க்கணும். 1980ல அயகுச்சோ பக்கம் சுஸ்சிங்கிற சின்ன ஊர்ல ஓட்டுப்பெட்டியை எரிச்சு ஆரம்பிச்சது சென்டெரோ லூமினோசோ, அதாவது ஒளிரும் பாதைங்கிற மாவோயிச ஆயுதக் குழு. அதோட தலைவர் அபிமாயெல் குஸ்மானை 1992 செப்டம்பர்ல லிமாவுல பிடிச்சாங்க. அந்த வருஷம் ஜனாதிபதி ஃபுஜிமோரியோட அரசு கொண்டுவந்த பயங்கரவாத ஒழிப்புச் சட்டத்துல ஒரு விசித்திரம், 'முகமில்லா நீதிபதிகள்'. தீர்ப்பு சொல்றவர் யாருன்னே குற்றவாளிக்கூண்டுல நிக்கிறவனுக்குத் தெரியாது. நீதிபதிங்க உயிருக்கு ஆபத்துன்னு காரணம் சொன்னாங்க, அதுல உண்மையும் இருந்துச்சு, ஆனா நூத்துக்கணக்கான அப்பாவிங்க உள்ள போனாங்க, பின்னாடி அதே அரசே கமிஷன் வச்சு அவங்களுக்கு 'மன்னிப்பு' குடுத்து வெளிய விட்டுச்சு (தப்பே செய்யாதவனுக்கு மன்னிப்பு, கவனிங்க).

ஃபுஜிமோரி 2000ல நாட்டை விட்டு ஓடினதுக்கு அப்புறம் 2001ல உண்மை கமிஷன் வந்துச்சு. கிட்டத்தட்ட 17 ஆயிரம் வாக்குமூலம் எடுத்து 2003ல அறிக்கை குடுத்தாங்க: செத்தவங்களும் காணாமப் போனவங்களும் சேர்த்து சுமார் 69,280 பேர்னு மதிப்பீடு. பதிவான சாவுல பாதிக்கு மேல, 54 சதவீதம், சென்டெரோ கணக்கு. ஆனா அரசுத் தரப்புக்கும் பெரிய பங்கு இருக்குன்னு அதே அறிக்கை சொல்லிச்சு. செத்தவங்கள்ல நாலுல மூணு பேரு கெச்சுவா மாதிரி மலை, காட்டு மொழி பேசுறவங்க. இதுக்கு நடுவுல முகமில்லா நீதிபதிங்க இருந்த பழைய ராணுவக் கோர்ட் தீர்ப்புகள் செல்லாதுன்னு ஆகி எல்லாத்தையும் சாதாரண கோர்ட்டுல திரும்ப விசாரிச்சாங்க. குஸ்மானுக்கு 2006லயும் ஆயுள்தான் கிடைச்சுது. இந்த மாதிரி நீதின்னா பயங்கரவாதிக்குச் சலுகைன்னு சொல்றவங்க இந்த இடத்தைத் தாண்டிப் போயிடுறாங்க. தண்டனை அதேதான், இந்தத் தடவை நீதிபதிக்கு முகம் இருந்துச்சு, அவ்ளோதான். 2009ல ஃபுஜிமோரிக்கும் 25 வருஷம், அவர் ஆட்சியில ராணுவக் கொலைப்படை செஞ்ச பாரியோஸ் ஆல்டோஸ், லா கன்டூட்டா கொலைகளுக்காக.

பெருவுல 'டெர்ரூக்கோ'ன்னு ஒரு வசவு இருக்கு, பயங்கரவாதிங்கிறதோட கொச்சை. போராடுற விவசாயி, மாணவன்னு யாரை வேணா அப்படிச் சொல்லி வாயை அடைக்கலாம், அப்படி முத்திரை குத்துறதுக்கே தனிச் சொல் வந்துடுச்சு, 'டெர்ருக்கேயோ'. கமிஷன் அறிக்கையால கூட அந்த வசவை ஒழிக்க முடியல.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? இலங்கைத் தமிழர்கள் ஏற்கெனவே ஒரு சொல் வச்சிருக்காங்க, 'நிலைமாறுகால நீதி'. 2015ல ஜெனீவாவுல ஐநா மனித உரிமைக் கவுன்சில்ல இலங்கை பத்தின தீர்மானம் வந்தப்புறம் அங்க பேப்பர்ல, கூட்டத்துலன்னு எங்க பார்த்தாலும் இந்தச் சொல்லுதான். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏன்னா 'மாறுகாலம்' வினைத்தொகை. மாறின காலம், மாறுற காலம், மாறப்போற காலம், மூணும் அதுக்குள்ளயே இருக்கு, மூலச்சொல்லுக்கே இந்த வசதி இல்ல.

நீதிங்கிறது வடசொல்லாச்சே, குறள்லயே 'முறை' இருக்கேன்னு சிலர் கேப்பாங்க. முறையிடுறோம், முறையீடு செய்றோம், எல்லாம் அந்த வேர்தான், நல்ல சொல்லு. ஆனா 'நிலைமாறுகால முறை'ன்னு எழுதினா ஏதோ சாகுபடி முறை மாதிரி கேக்குது, வேணாம்.

அதே இலங்கையில இன்னொரு சொல்லையும் பார்த்துக்கோங்க. பிள்ளையைத் தேடுற அம்மாக்கள் 'காணாமல் போனோர்'னு சொல்ல மாட்டாங்க, 'காணாமல் ஆக்கப்பட்டோர்'னுதான் சொல்லுவாங்க. தானா போகல, யாரோ ஆக்கினாங்க. அங்க 1979ல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தோட பேர்லயே 'தற்காலிக ஏற்பாடுகள்'னு இருக்கு. மூணு வருஷத்துக்குன்னு வந்தது, 1982ல நிரந்தரமாயிடுச்சு. 'இடைக்கால'ங்கிற சொல்லை எதுக்காவது செலவழிக்கணும்னா அதுக்குச் செலவழிச்சிருக்கலாம்.