ஓரத்தில் கத்தி வைக்காதீர்கள்

போன வாரம் ஒருவர் பிரெஞ்சு ஓவியர் ஃபெலிக்ஸ் ப்யூஓவின் எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, தாளில் அச்சடித்த படம்) ஒன்றைக் கொண்டுவந்தார். ‘பாரிஸில் குளிர்காலம்’, 1879. பழுப்பேறியிருக்கிறது, வெளுத்துத் தர வேண்டும் என்றார். சட்டத்தைக் கழற்றினால் நடுப்படம் மட்டும்தான் இருக்கிறது: பனி மூடிய தெரு, குதிரை வண்டிகள், நாய்கள். நாலு பக்கமும் பிளேடால் இழுத்த வெட்டு. “பழைய ஃபிரேமில் அடங்கவில்லை மேடம், ஓரத்துக் கிறுக்கலை எடுத்துவிட்டோம்.”

இந்த வருடத்தில் இது மூன்றாவது வெட்டு.

அது கிறுக்கல் இல்லை ஐயா. நார்மண்டியின் வலோன் ஊரில் 1847இல் பிறந்த இந்த மனிதரின் பெயர் நிற்பதே அந்த ஓரங்களால்தான். ‘சிம்பொனி ஓரங்கள்’ என்று அவரே பெயர் வைத்தார். நடுப்படம் பாட்டு என்றால் ஓரம் பக்கவாத்தியம். இந்தப் படத்தின் ஓரத்தில்தான் பனியில் சறுக்கி விழுந்த வண்டிக் குதிரை கிடக்கிறது. கண் பார்த்தது நடுவில். மனம் அலைந்தது ஓரத்தில். மனதில் தோன்றுவதைக் குறியீடுகளால் சொல்லும் குறியீட்டுவாதம் என்ற கலை இயக்கத்துக்கு 1886இல்தான் அறிக்கையே வந்தது. இவர் அதற்கு முன்பே இப்படி வரைந்துகொண்டிருந்தார்.

நோட்டுப் புத்தக மார்ஜின் போல இதையும் மிச்சத் தாள் என்று நினைக்கிறார்கள். படமே இல்லாத வெற்று ஓரம்கூட மிச்சம் இல்லை. தகடு அழுந்திய பள்ளம் அங்கேதான் தெரியும். விரலால் தடவிப் பாருங்கள். ப்யூஓ தனக்குப் பிடித்த பிரதிகளில் குத்திய சின்னச் சிவப்பு ஆந்தை முத்திரையும் பெரும்பாலும் கீழ் ஓரத்தில்தான். வெட்டினால் ஆந்தையும் போச்சு, விலையும் போச்சு.

அப்புறம் அந்தப் பழுப்பு. தாளை டர்ப்பன்டைனில் ஊறவைத்து அச்சடித்துப் பார்த்தவர் இவர். எல்லாப் பழுப்பும் அழுக்கு இல்லை. வீட்டில் பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள்.

படம் பெரிதென்றால் சட்டத்தைப் பெரிதாக்குங்கள். மடிக்கவும் வேண்டாம். செல்லோ டேப், ஃபெவிகால் கூடவே கூடாது. சட்டத்துக்குள் வைக்க அமிலமில்லாத மவுண்ட் போர்டு அட்டை கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் வேறு கடை பாருங்கள். வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள்.

ஏற்கெனவே வெட்டியாயிற்றா? துண்டுகளைத் தயவுசெய்து எறியாதீர்கள். விரல் அகலத் துண்டானாலும் கொண்டு வாருங்கள், பின்பக்கம் ஜப்பானியத் தாள் கொடுத்து ஒட்டிவிடலாம். போன வாரம் வந்தவரையும் அந்த ஃபிரேம் கடைக் குப்பைக் கூடையைப் பார்த்து வரச் சொல்லி அனுப்பினேன். நேற்று மூன்று துண்டுகளோடு வந்தார். கீழ் ஓரம் மட்டும் கிடைக்கவில்லையாம்.