காற்று வாங்கும் எண்ணெய்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுதியிருந்தார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு காலியாகக் கிடந்த அறையைப் படம் வரையும் அறையாக்கியிருக்கிறார். ஆனி, ஆடி வந்துவிட்டால் தொல்லை. எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய படம் இரண்டு வாரமாகியும் விரலில் ஒட்டுகிறது. நீர்வண்ணத்துக்கு வாங்கிய காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள். மழை ஈரம்தான் காரணம் என்று எண்ணி, படம், வண்ணக் குழாய்கள், காகிதக் கட்டு, தூரிகை துடைத்த துணி எல்லாவற்றையும் ஒரே இரும்பு அலமாரியில் அடைத்து, உள்ளே பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டிருக்கிறார். “இன்னும் காயவில்லை. எதை எங்கே வைப்பது?” என்று கேட்கிறார்.

டீச்சர், முதலில் அந்தத் துணியை வெளியே எடுத்துவிடுங்கள். இன்றைக்கே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எல்லா வண்ணமும் ‘காய்கிறது’ என்றே சொல்கிறோம். ஆனால் உங்கள் அறையில் மூன்று வேறு வேறு வேலைகள் நடக்கின்றன. நீர்வண்ணத்தில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது வேல மர இனத்துப் பிசின். தண்ணீர் போனால் பிசின் இறுகும், தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். அவ்வளவுதான். அக்ரிலிக் வேறு வகை. அதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரர்கள் புத்தகம் தேட வேண்டாம், ரப்பர் தோட்டத்துக்குப் போனால் போதும். பால்வெட்டு முடிந்து சிரட்டையில் மிஞ்சும் பாலைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் மிதந்த நுண்ணிய ரப்பர் துகள்கள், நீர் வற்ற வற்ற நெருங்கி ஒட்டிக்கொண்டு ஒட்டுப்பாலாகிவிடும். அதன் பிறகு எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் பாலாகத் திரும்பாது. அக்ரிலிக் குழம்பிலும் இதேதான், துகள்கள் மட்டும் தொழிற்சாலையில் செய்தவை. இந்த இரண்டுக்கும் ஈரக்காற்று உண்மையிலேயே தடைதான்.

எண்ணெய் வண்ணத்தில் வற்றிப்போகத் தண்ணீரே கிடையாது. வண்ணத்தை இளக்கக் கலந்திருக்கும் டர்பன்டைன் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். மிச்சமிருக்கும் ஆளிவிதை எண்ணெய் எங்கும் போவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கிக் கெட்டியாகிறது. காயக் காய அதன் எடை கூடுகிறது! இதை முதன்முதலாகப் படித்த அன்று நான் நம்பவில்லை. ஈரத்துணி காய்ந்தால் எடை குறையும் என்று பழகிய மனசு.

இதன் உள்வேலை எனக்கு அலுக்காத ஒன்று. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று நீளமான கார்பன் சங்கிலிகள் உண்டு. தேங்காயெண்ணெயில் அவை பெரும்பாலும் நிறைவுற்றவை. ஒவ்வொரு கார்பனும் தனக்கு வேண்டிய ஹைட்ரஜனோடு திருப்தியாக இருப்பதால் ஆக்சிஜனுக்கு அங்கே வேலையில்லை. தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் எத்தனை நாளானாலும் பசையாக இறுகாததற்கு இதுதான் காரணம். இந்தச் சங்கிலிகளுக்குக் கொழுப்பு அமிலங்கள் என்று பெயர். ஆளிவிதை எண்ணெயில் அவற்றில் ஏறத்தாழப் பாதி, மூன்று இரட்டைப் பிணைப்புகள் (இரு கார்பன்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட இடங்கள்) கொண்ட லினோலெனிக் அமிலம். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கார்பன் இருக்கிறதே, அதன் ஹைட்ரஜனுக்குப் பிடி தளர்ச்சி. வெளிச்சமோ சூடோ ஓர் உலோகத் துளியோ பட்டால் அது கழன்றுவிடும்.

ஹைட்ரஜனை இழந்த கார்பன் கையேந்தி நிற்கிறது. பக்கத்தில் வந்த ஆக்சிஜன் அதில் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியதற்கும் அமைதி இல்லை, அடுத்த சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. இப்போது அந்தச் சங்கிலி கையேந்துகிறது. ஒன்று பத்தாகிறது, பத்து ஆயிரமாகிறது. நடுவில் உண்டாகும், ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்த பெராக்சைடுகள் உடைந்து, உடைந்த இடங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. தனித்தனியே வழுக்கிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் வலையாகப் பின்னிக்கொண்டே போய், கடைசியில் திரைச்சீலையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஏறக்குறைய ஒரே பெரிய மூலக்கூறாகிவிடுகின்றன. நீங்கள் தொட்டுப் பார்ப்பது அந்த வலையைத்தான்.

முதல் ஒன்றிரண்டு நாள் எதுவுமே நடக்காத மாதிரி தோன்றுவதற்கும் காரணம் உண்டு. எண்ணெயில் இயற்கையாகவே வைட்டமின் ஈ இருக்கிறது. கையேந்தி வருபவற்றுக்கெல்லாம் அது தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலி வினையை நிறுத்திவிடும். அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் வேலை வேகம் பிடிக்கும். நிறத்தைப் பொறுத்தும் வேகம் மாறும். அம்பர் பழுப்பில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் இறுகும். கோபால்ட் நீலமும் அப்படித்தான். ஐவரி கறுப்பு நாள் கடத்தும்.

இதே வினையை நம் சமையலறையில் தினமும் பார்க்கிறோம். நல்லெண்ணெய் பூசிப் பழக்கிய இரும்புத் தோசைக்கல்லின் கறுப்பு மினுமினுப்பும், எண்ணெய் பாட்டிலின் கழுத்தில் பிசுபிசுக்கும் மஞ்சள் பசையும் கைகோத்துக்கொண்ட எண்ணெய்தான்.

சரி, இனி அலமாரிக்கு வருவோம். வண்ணக் குழாயின் வேலையே ஆக்சிஜனை அண்டவிடாமல் வைப்பதுதான். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் நசுக்கக்கூடிய தகரக் குழாயைக் கண்டுபிடிக்கும் வரை வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். குழாயை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தால் உள்ளே காற்று நுழைய இடமிருக்காது. நடுவில் அமுக்கினால் விட்டதும் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் மரையைத் துடைத்து மூடி, குழாய்களை இழுப்பறையில் வையுங்கள்.

தீட்டிய படத்துக்கு வேண்டியது நேர் எதிரானது. காற்றும் வெளிச்சமும் இல்லாத அலமாரியில் அது எப்படி இறுகும்? மழைக்குளிர் கொஞ்சம் தாமதப்படுத்தும், ஆனால் பூட்டி வைத்ததுதான் பெரிய தவறு. இருட்டில் இறுகும் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகவும் மாறும். பெட்டியில் கிடந்து மஞ்சளித்த தன் படத்தை வெயிலில் வைக்கச் சொல்லி ரூபன்ஸ் 1629-இல் கடிதமே எழுதியிருக்கிறார். கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா இதே திருவிதாங்கூர் மழையில்தான் எண்ணெய் வண்ணம் பழகினார். ஆக, நம் ஊர் மழைக்கும் எண்ணெய் வண்ணத்துக்கும் பகையில்லை. படத்தைத் திறந்த தட்டில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே வார்னிஷ் பூசிவிட வேண்டாம். உள்ளே வலை பின்னி முடிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும்.

இப்போது அந்தத் துணி. ஆக்சிஜனோடு சேரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெப்பம் வெளிவருகிறது. திரைச்சீலையில் அது காற்றோடு போய்விடும். கசக்கி எறிந்த துணியிலோ நூலிழை எல்லாம் எண்ணெய், பரப்பு ஏராளம், வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு ஏற வினை வேகமாகும், வினை வேகமாகச் சூடு ஏறும். சில மணி நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மரப்பலகை மெருகேற்றியவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில்தான் அந்தத் தீ தொடங்கியது. நீங்கள் அதே துணியைக் குண்டு பல்புக்குப் பக்கத்தில், காகிதக் கட்டோடு வைத்திருக்கிறீர்கள். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள், விறைத்த பிறகு எறியலாம். மழையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் முக்கி மூடிவிடுங்கள்.

டீச்சரிடம் வாஸ்து பார்ப்பவர் ஒருவர், எண்ணெயும் டர்பன்டைனும் அக்கினி மூலையில் இருந்தால் தீ அண்டாது என்றாராம். இது எனக்குக் கோபம் வரவழைக்கிற பேச்சு. கசங்கிய துணி எந்த மூலையிலும் பற்றும். இந்த நம்பிக்கையால் ஒருவர் கவனம் தளர்ந்தால் வீடு போய்விடும்.

குண்டு பல்பு அலமாரி வீணில்லை. அதைக் காகிதத்துக்கு மட்டும் கொடுங்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது இருக்கும் பங்கு, 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், காகிதத்துக்குப் பூசிய பசைதான் அதற்குச் சாப்பாடு. காற்று சற்றுச் சூடானால் ஒப்பு ஈரப்பதம் இறங்கும். பல்பு காகிதத்தில் படாமல் இருக்கட்டும். எல்இடி பல்பில் போதிய சூடு வராது. தென்மேற்குச் சாரல் அடிக்கும் சுவரை ஒட்டி அந்த அலமாரியை வைக்க வேண்டாம்.

ஜன்னல் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. வடக்கு ஜன்னலில் வெயில் வராது, ஒளி மாறாது என்பது ஐரோப்பியப் புத்தகங்களின் அறிவுரை. நாம் இருப்பது வடக்கு 8 பாகையைச் சற்றுத் தாண்டிய இடம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. காலை மாலை வெயில் வடக்கு ஜன்னலுக்குள் சாய்ந்து விழும். அந்த மாதங்களில் ஒரு வெள்ளைத் துணித் திரை வேண்டும்.

இப்படி நம் மண்ணுக்கு அளந்து எழுதிய குறிப்புகள் குறைவு. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடியில் சுவரோவியங்கள் இருக்கின்றன. வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊர். இங்கே வண்ணமும் காகிதமும் எப்படி மூப்படைகின்றன என்று ஆராய நம் கல்லூரி வேதியியல் துறைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரிய கருவிகூட வேண்டாம்.

போன ஆடியில் நானே செய்து பார்த்தேன். அலுமினியத் தாள் இரண்டை எடுத்து, ஒன்றில் 2 கிராம் ஆளிவிதை எண்ணெய், மற்றதில் 2 கிராம் தேங்காயெண்ணெய் மெல்லிசாகப் பூசி ஜன்னலோரம் வைத்தேன். தெரிந்த நகைப்பட்டறையில் எடை போட்டுக் கொடுத்தார்கள். தேங்காயெண்ணெய் பூசியது பத்தாம் நாளும் அதே எடை, அதே வழுவழுப்பு. ஆளிவிதை எண்ணெய் ஆறாம் நாள் விரலைப் பிடித்து இழுத்தது, பத்தாம் நாள் விரலில் ஒட்டவில்லை. தராசில் வைத்தோம். பூசும்போது 2 கிராமாக இருந்த எண்ணெய் இப்போது 2.2 கிராம். பட்டறைக்காரர் தராசைச் சுழிக்கு வைத்து மறுபடியும் நிறுத்துப் பார்த்தார்.