நடக்க ஆரம்பித்த பிறகு எடை ஏறுவது ஏன்?

காலையில் ஒரு மணி நேர நடை. ராத்திரி சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி. பத்து நாள் கழித்து எடை மெஷினில் ஏறினால் முக்கால் கிலோ கூடியிருக்கிறது! பலர் ஷூவைக் கழற்றிப் பரணில் போடுவது இந்த நாளில்தான்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்புத் திசு குறைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். தினமும் வரவைவிடச் செலவு 500 கலோரி கூடினாலும், வாரத்துக்குக் குறையும் கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. அப்படியானால் சில நாட்களில் ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்குவது எது? பெரும்பாலும் தண்ணீர்.

சோறு, இட்லியிலிருந்து வரும் சர்க்கரையில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது; கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை அடியோடு நிறுத்தியவருக்கு இந்தக் கையிருப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்த ரகசியம் இதுதான். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் பெரும்பகுதி திரும்பிவிடும்.

சோற்றை நிறுத்தாமல் உடற்பயிற்சியை மட்டும் தொடங்கியவருக்குக் கதை தலைகீழ். பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அவற்றைச் சரிசெய்யும்போது அங்கே நீர் கோக்கிறது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலிப்பதும் இந்தச் சிதைவால்தான். பழகப் பழகத் தசை அதிகக் கிளைக்கோஜனைச் சேர்க்கிறது. சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடுகிறது. இந்த நீரெல்லாம் எடையில் ஏறுகிறது, உள்ளே கொழுப்பு குறைந்துகொண்டிருந்தாலும்.

‘கொழுப்பு தசையாக மாறிவிட்டது’ என்று ஜிம்மில் சொல்வார்கள். அப்படி மாறாது, இரண்டும் வேறு வேறு திசுக்கள். பத்து நாளில் முக்கால் கிலோ தசை வளர்வதும் நடக்கிற காரியம் இல்லை.

உப்பையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. உடம்பும் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் உப்பையும் நீரையும் சேர்த்து வைக்கும். நேற்று ஊறுகாயும் அப்பளமும் தாராளமாக உள்ளே போயிருந்தால், சிறுநீரகம் அந்த உப்பைக் கழிக்கும்வரை எடை கூடுதலாகவே காட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கும் இப்படி நீர் கோக்கும்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? காலைக்கடன் முடித்து, எதுவும் சாப்பிடாமல், தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியைக் குறித்து வையுங்கள். தொப்புள் மட்டத்தில் ஒரு டேப்பும் பிடியுங்கள். முதல் மாதத்தில் நான் மெஷினைவிட டேப்பைத்தான் நம்புவேன்.

கால் வீக்கம், மூச்சு வாங்குதல் ஆகியவற்றோடு இரண்டு மூன்று நாளில் எடை மளமளவென்று ஏறினால் மட்டும் அது வேறு விஷயம். இதயமோ சிறுநீரகமோ சரியாக வேலை செய்யாததால் நீர் தேங்கியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.