கார்வெட்: சொல்லும் கலமும்

'பிரிகேட்' (frigate) என்னும் போர்க்கப்பலைவிடச் சிறிய போர்க்கலத்தைக் குறிக்கும் 'கார்வெட்' என்ற சொல், பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. ஈழத்து வழக்கில் இதைக் 'கொர்வெட்' என எழுதுவர். கூடை எனப் பொருள்படும் 'கார்பிஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேராக இருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் பலரின் கருத்து. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்குக் கூடை கலமாவது புதிதன்று.

பாய்மரக் காலத்தோடு வழக்கொழிந்த இப்பெயரை, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை மீட்டெடுத்து, திமிங்கில வேட்டைக் கப்பலின் அமைப்பைத் தழுவிக் கட்டிய 'மலர் வரிசை'க் கலங்களுக்குச் சூட்டியது. சுமார் 62 மீட்டர் நீளமும் 16 நாட் (மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்) வேகமும் கொண்ட அவற்றுக்கு முன்புறத்தில் ஒரே ஒரு 4 அங்குலப் பீரங்கி; பின்புறத்தில் நீர்மூழ்கிகளைத் தாக்கும் ஆழ்நீர்க் குண்டுகள். ஈரப்புல்லில் விட்டாலும் புரளக்கூடியவை என்று மாலுமிகள் சொல்லும் அளவுக்கு அவை அலையில் ஆடின. ஆயினும், சரக்குக் கப்பல் அணிகளுக்கு வழித்துணையாகச் சென்று காத்தவை அவையே.

அவ்வரிசையில் ஒன்றான ஹாலிஹாக், ஒரு மலர்ச்செடியின் பெயரைத் தாங்கியது. 1942 ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் தாக்கிய அதே நாளில், அத்தெல்ஸ்டேன் என்னும் எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக அது மட்டக்களப்புக்கு அப்பால் சென்றுகொண்டிருந்தது. விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸை மூழ்கடித்த குண்டுவீச்சு விமானங்களின் தாக்குதலில் ஹாலிஹாக்கும் அத்தெல்ஸ்டேனும் மூழ்கின. நீருக்கு அடியிலிருந்து வரும் பகைக்காக அமைக்கப்பட்ட கலம், வானிலிருந்து திரண்டு வந்த பகையை எப்படித் தாங்கியிருக்கும்?

கார்வெட்டைத் தமிழில் 'சிறு போர்க்கப்பல்' என எழுதுவதுண்டு. அது அளவை மட்டுமே சொல்கிறது, பணியைச் சொல்வதில்லை. இன்றைய கார்வெட்டுகள் பலவும் அன்றைய ஹாலிஹாக்கைவிடப் பெரியவை என்பதால் அந்த அளவுக்கணக்கும் நிலைப்பதில்லை. 'காவற்கலம்' என்பதே பொருத்தமானது என்பேன். உண்கலம், மட்கலம் என ஏனத்தையும், மரக்கலம் எனக் கப்பலையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. கூடையிலிருந்து கப்பலுக்கு வந்த சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறெங்கும் கிடைக்காது. சுற்றுக்காவல் கப்பலோடு குழப்பம் நேரும் என அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு 'ரோந்துக் கப்பல்' என்பது வழக்கில் ஊன்றிவிட்டது. 'ஹாலிஹாக் என்னும் காவற்கலம் மூழ்கியது' என்று எழுதினால், எந்தப் பணியில் இருந்தபோது அது மூழ்கியது என்பதையும் அச்சொல்லே சொல்லிவிடும்.