சொல் விளக்கம்: டிஸ்ட்ராக்‌ஷன் ஆஸ்டியோஜெனிசிஸ்

பிள்ளையின் மருத்துவக் குறிப்பில் ‘டிஸ்ட்ராக்‌ஷன்’ என்று இருந்தால், படிப்பில் கவனம் சிதறுகிறது போல என்று நினைக்கத் தோன்றும். லத்தீனில் ‘டிஸ்’ என்றால் விலகி, ‘ட்ராஹெரே’ என்றால் இழுப்பது. மனத்தை வேறு பக்கம் இழுத்தால் கவனச்சிதறல். எலும்பின் இரு துண்டுகளை எதிரெதிராக இழுத்தால் கால் நீட்டும் மருத்துவம். டிராக்டரும் அதே வேரில் முளைத்ததுதான். ‘ஆஸ்டியோஜெனிசிஸ்’ கிரேக்கம்: எலும்பு உண்டாதல்.

1950களில் சைபீரியாவின் குர்கான் பகுதியில் இலிசரோவ் என்ற மருத்துவர், முறிந்த எலும்பை நெருக்கிப் பிடிக்க வளையச் சட்டம் ஒன்று செய்தார். ஒரு நோயாளி நட்டை எதிர்ப்பக்கம் திருகிவிட, விலகிய இடைவெளியில் புது எலும்பு ஊறியிருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்.

ஒரு கால் குட்டையாகப் பிறந்த குழந்தைகளுக்கும், எலும்பின் வளரும் முனை அடிபட்டுக் கெட்டுப்போனவர்களுக்கும் இன்று இதைச் செய்கிறார்கள். காலைச் சுற்றி வளையச் சட்டத்தை மாட்டி, கம்பிகளால் எலும்போடு பிணைத்து, எலும்பைத் துண்டித்துச் சில நாள் சும்மா விடுவார்கள். அப்புறம் சட்டத்தின் நட்டைத் திருகி, துண்டுகளை நாளுக்கு 1 மி.மீ. விலக்குவார்கள், அதையும் கால் கால் மி.மீ.யாக நாலு வேளை. வீட்டில் அம்மா கையில் இருப்பது மெக்கானிக் கடையில் பார்க்கிற அதே பத்தாம் நம்பர் ஸ்பானர். நட்டின் ஒரு முகத்தில் பெயிண்ட் பொட்டு; அது கால் சுற்று நகர்ந்தால் அந்த வேளைக் கணக்கு முடிந்தது. மெதுவாகப் போனால் இடைவெளி முன்னதாகவே இறுகிவிடும். வேகமாகப் போனால் எலும்பும் ஊறாது, நரம்பும் தாங்காது.

குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் எலும்பு கூடும். ஆனாலும் 5 செ.மீ. கூட்ட 50 நாள் திருகினால், அது கெட்டிப்படும்வரை மொத்தம் ஐந்து மாதம்போலச் சட்டத்தோடு இருக்க வேண்டும். கம்பி நுழையும் இடத்தில் சீழ் பிடிப்பது சர்வசாதாரணம், பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும். எனக்குப் பயம் மூட்டுகளைப் பற்றித்தான். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் முழங்கால் விறைத்துக்கொள்ளும், சிலருக்கு நழுவவும் செய்யும். அதனால்தான் பிசியோதெரபியை ஒரு நாளும் விடக்கூடாது என்கிறார்கள். சட்டம் கழற்றியபின் புது எலும்பு முறிவதும் உண்டு. வித்தியாசம் 2 செ.மீ.க்குள் என்றால் செருப்பின் அடியை உயர்த்தினாலே போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘எலும்பு நீட்டல்’ புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் எலும்பு ரப்பர் இல்லையே. பள்ளியில் படித்த செய்யுள் விகாரத்தை நினைத்துப் பாருங்கள்: ‘நிழல்’ ‘நீழல்’ ஆவது நீட்டல், ‘விளையுமே’ நடுவில் ஓர் எழுத்துப் புதிதாக வந்து ‘விளையும்மே’ ஆவது விரித்தல். இங்கே நடப்பது விரித்தல்தான். ஆனால் ‘எலும்பு விரித்தல்’ என்றால் பெற்றவர்களுக்கு விரிசல்தான் ஞாபகம் வரும். ‘இழுப்பு’ என்றாலோ வலிப்பு, வீசிங். ‘எலும்பு இடைவளர்த்தல்’ என்று எழுதலாம் என்பது என் கட்சி.