ஒழுகும் மூக்கு செய்த காவல்

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "2021 மே மாதம் வீட்டில் ஐந்து பேருக்கும் கொரோனா. மாமனார் பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். மாமியாரும் நாங்கள் இருவரும் மூன்று வாரம் படுத்த படுக்கை. ஆறு வயதுப் பையனுக்கு மட்டும் ஒரு நாள் காய்ச்சல், இரண்டு நாள் மூக்கொழுகல், அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை சளி பிடிக்கிற பிள்ளை அவன். எப்படித் தப்பித்தான்?"

அவர் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அந்த மாதாந்திரச் சளிதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்குக் கொரோனா தொற்றவில்லை என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அது தவறு. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க ரத்தப் பரிசோதனை நடத்தியபோது, 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேரிடமும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதம் பேரிடமும் இந்த வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. அப்போது அவர்களுக்குத் தடுப்பூசியே வரவில்லை. பெரும்பாலான பள்ளிகளும் மூடித்தான் கிடந்தன. வைரஸ் அவர்களைத் தொட்டது. பெரும்பாலோரிடம் மூக்கைத் தாண்டிப் போக முடியவில்லை, அதுதான் விஷயம்.

வைரஸ் தன் முள்ளை வைத்து நம் செல்லின் மேலுள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. இது எல்லோரும் அறிந்த கதை. உள்ளே போனதும் தன் மரபுச் செய்தியைத் தாங்கும், சுமார் 30,000 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ இழையை நகலெடுக்கத் தொடங்கும். அப்போது மூல இழையும் நகலும் ஒன்றோடொன்று ஒட்டி, இரட்டை இழையாகச் சற்று நேரம் கிடக்கும். அவ்வளவு நீளமான இரட்டை ஆர்என்ஏவுக்கு நம் செல்லில் வேலையே இல்லை. அங்கேதான் வைரஸ் மாட்டிக்கொள்கிறது. எம்டிஏ5 என்ற காவல் புரதம் அந்த இழை நெடுக, சரத்தில் பூத் தொடுப்பதுபோல ஒன்றையடுத்து ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். சரம் நீண்டால் மணி அடித்துவிடும். செல் இன்டர்ஃபெரானைச் சுரக்கும்.

1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மனும் கோழி முட்டைச் சவ்வுத் துண்டுகளைச் செயலிழந்த ஃப்ளூ வைரஸோடு ஊறப்போட்டார்கள். பிறகு அந்த நீரை மட்டும் எடுத்துப் புதுச் சவ்வில் விட்டால், அதில் வைரஸ் வளர மறுத்தது. நீரில் இருந்த அந்தப் பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். அது வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களிடம் போய் "திருடன் வந்துவிட்டான், கதவைச் சாத்து" என்று சொல்கிறது.

சேதி கேட்ட செல் நூற்றுக்கணக்கான ஜீன்களை முடுக்கிவிடும். அவற்றில் ஓஏஎஸ் என்ற நொதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்என்ஏ எழுத்துகளை நம் உடல் வழக்கமாக 3, 5 என்று எண்ணிட்ட கொக்கிகளில்தான் கோக்கும். ஓஏஎஸ் மட்டும் இரட்டை ஆர்என்ஏவைக் கண்டதும், 2, 5 என்ற வேறு கொக்கிகளில் 'ஏ' எழுத்துகளைக் கோத்துச் சிறு துண்டுகள் செய்யும். வேறெதனோடும் குழம்ப வழியில்லாத சாவி அது. செல்லுக்குள் தனித்தனியாகத் தூங்கும் ஆர்என்ஏஸ் எல் என்ற புரதம் இந்தச் சாவி பட்டதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து கத்தரியாக மாறும். பிறகு வைரஸின் ஆர்என்ஏ, நம்முடைய ஆர்என்ஏ என்று பார்க்காமல் வெட்டித் தள்ளும். புரதம் செய்யும் பட்டறையே நின்றுபோகும். தீப்பிடித்த வீட்டில் முதலில் மெயின் சுவிட்சை அணைப்போமே, அந்த மாதிரி. ஒரு செல்லின் இழப்பில் சுற்றியுள்ள செல்கள் பிழைக்கும். எத்தனை தடவை படித்தாலும் இந்த ஏற்பாடு என்னை வியக்க வைக்கிறது.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. மணி அடிப்பதைத் தாமதப்படுத்தப் பல புரதங்களை வைத்திருக்கிறது. ஆகவே யார் முந்துகிறார்கள் என்பதே முக்கியம். பெர்லினில் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 42 குழந்தைகள், 44 பெரியவர்களின் மூக்குச் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்றே இல்லாத குழந்தைகளின் மூக்கிலும் எம்டிஏ5 போன்ற காவல் புரதங்களுக்கான ஜீன்கள் ஏற்கெனவே விழித்திருந்தன. பெரியவர்களுக்கு வைரஸ் வந்த பிறகுதான் அவை கண் திறக்கின்றன. அதற்குள் சிலருக்கு வைரஸ் நுரையீரல் வரை போய்விடுகிறது. பெரியவர்களில் சிலருக்கு இன்னொரு கேடும் உண்டு. உயிருக்கு ஆபத்தான கொரோனா வந்த 987 பேரில் 101 பேரின் ரத்தத்தில் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்புப் பொருள் இருந்தது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள்.

குழந்தையின் மூக்கை முன்கூட்டியே எழுப்பி வைத்தது யார்? யேல் பல்கலைக்கழகத்தின் எலன் ஃபாக்ஸ்மன் குழு, கொரோனாவுக்காக எடுத்த 600க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பழைய மூக்கு மாதிரிகளை மறுபடி சோதித்து 2024இல் சொன்னது இது: நோய் அறிகுறியே இல்லாத பிள்ளைகளிலும் பலரின் மூக்கில் சாதாரணச் சளி வைரஸோ, ஏதாவது பாக்டீரியாவோ குடியிருந்தது. அப்படி இருந்த மூக்குகளில்தான் இன்டர்ஃபெரான் வேலை மும்முரமாக நடந்தது. பால்வாடியிலும் பள்ளியிலும் ஒட்டிக்கொண்டு வரும் சளி, காவலாளியைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது.

அதற்காக யாரும் வேண்டுமென்றே குழந்தைக்குச் சளி பிடிக்க வைக்க வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு அதே சளி மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம்.

யேல் ஆய்வுக்கு மூலதனம் மூக்கில் விட்டெடுத்த பழைய பஞ்சுக்குச்சிகள். நம் நாட்டில் கோடிக்கணக்கில் மூக்கில் குச்சி விட்டோம். அதில் ஒரு சிறு பங்கை உறைபெட்டியில் காப்பதற்கும் ஆண்டுக்கணக்கில் ஆராய்வதற்கும் அரசு தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டும். கோழி முட்டைச் சவ்வில் என்ன பயன் என்று 1957இல் கேட்டிருந்தால் இன்டர்ஃபெரான் தெரிந்திருக்காது.

அப்புறம், வாசகி கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்குக் கொரோனா வந்து எல்லாம் சரியாகி ஒரு மாதம் கழித்துக் கடும் காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பெல்லாம் தடிப்பு. அது என்ன?"

மருத்துவர் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, அரிதாகச் சில பிள்ளைகளுக்குப் பல உறுப்புகளில் ஒருசேர அழற்சி வரும். எம்ஐஎஸ்-சி என்பார்கள். 1961இல் டோக்கியோவில் டொமிசாகு கவசாகி என்ற மருத்துவர் முதன்முதலில் கண்ட கவசாகி நோயின் சாயல் அதற்கு உண்டு. இத்தாலியின் பெர்கமோவில் முந்தைய ஐந்து ஆண்டுகளில் 19 பிள்ளைகளுக்கு வந்த கவசாகி வகை நோய், 2020இல் இரண்டே மாதத்தில் 10 பேருக்கு வந்தது. சென்னை மருத்துவர்களும் அதே ஆண்டில் இப்படி வந்த ஒரு சிறுவனைக் குணப்படுத்தினார்கள். பிறகு எம்ஐஎஸ்-சி வந்த 558 பிள்ளைகளின் ஜீன்களைப் பார்த்ததில், 5 பேருக்கு நான் சொன்ன அதே சாவி செய்யும் ஓஏஎஸ் நொதியோ, ஆர்என்ஏஸ் எல் கத்தரியோ பிறவியிலேயே பழுது. அவர்களுக்கு நுரையீரல் தப்பியது. ஆனால் ரத்தத்தின் சில வெள்ளணுக்களில் மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது.

நம் ஊரில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்தால் "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை செருகி, ஊசி மருந்து கூடாது என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அம்மன் மேல் வைக்கும் நம்பிக்கையில் எனக்குக் குறையில்லை. வேப்பிலை வாசலில் இருக்கட்டும். ஆனால் கொரோனா வந்துபோன வீட்டில் மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை, கண் சிவந்திருக்கிறது, வயிற்றுவலியோ வாந்தியோ இருக்கிறது என்றால், பிள்ளையை அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் மருந்தும் ஸ்டீராய்டும் நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். வீடு திரும்பிய பிறகும் மருத்துவர் சொன்ன நாளில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கத் தவறாதீர்கள்.