ஸ்பென்ட் கன்விக்‌ஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

பிரிட்டனில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பல படிவங்களில் ஒரு கேள்வி வரும்: உங்களுக்கு 'அன்ஸ்பென்ட் கன்விக்‌ஷன்' ஏதாவது இருக்கிறதா? கன்விக்‌ஷன், அதாவது குற்றவாளி என்ற தீர்ப்பு, எல்லோருக்கும் புரிகிறது, அதன் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'அன்ஸ்பென்ட்'தான் ஆளைக் குழப்புகிறது. அகராதியை வைத்து மாற்றினால் 'செலவழிக்கப்படாத தண்டனை' என்று வரும், என்னவோ பேங்கில் மிச்சம் கிடப்பது போல. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் இந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு, சொல்லத் தேவையே இல்லாத பழைய வழக்கைத் தானாகவே எழுதிக்கொடுத்து வேலையைக் கெடுத்துக்கொள்ள முடியும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சொல் 1974-ல் வந்த 'குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்ட'த்தில் இருந்து வருகிறது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் கார்டினர் பிரபு தலைமையிலான ஒரு குழு, தண்டனை முடிந்து வெளியே வந்து வருடக்கணக்கில் ஒழுங்காக வாழ்பவரைப் பழைய வழக்கு சாகும்வரை துரத்துவது சரியா என்று கேட்டு அறிக்கை கொடுத்திருந்தது. சட்டம் சொன்ன பதில் இதுதான்: தண்டனைக்குப் பிறகு குறிப்பிட்ட காலம் புதிய குற்றம் எதுவும் இல்லாமல் கழிந்தால் அந்தத் தீர்ப்பு 'ஸ்பென்ட்' ஆகிவிடும், பெரும்பாலான வேலைகளைப் பொறுத்தவரை அந்த ஆள் அந்தக் குற்றத்தைச் செய்யாதவர் போலவே நடத்தப்பட வேண்டும். "குற்றப் பின்னணி உண்டா?" என்று அப்படிப்பட்ட வேலைக்கு முதலாளி கேட்டால், ஸ்பென்ட் ஆனதை விட்டுவிட்டு "இல்லை" என்று சொல்லலாம். பொய்யாகாது, சட்டமே அனுமதிக்கிறது.

ஆங்கிலத்தில் 'ஸ்பெண்ட்' என்ற வினை லத்தீன் 'எக்ஸ்பெண்டெரே'யிலிருந்து வந்தது, எடைபோட்டுக் கொடுப்பது, பணம் கட்டித் தீர்ப்பது என்று பொருள். வேகம் அடங்கி விழுந்த குண்டையும், களைத்து ஓய்ந்த ஆளையும்கூட 'ஸ்பென்ட்' என்பார்கள். ஆக, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது, இனி அதற்கு வேகம் கிடையாது என்ற இரண்டு பொருளும் அதில் இருக்கின்றன.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'முடிந்த தண்டனை' என்றால் சிறையிலிருந்து வெளியே வந்ததையே சொல்வது போல ஆகிவிடும், உண்மையில் ஸ்பென்ட் ஆவதற்கான கணக்கு தண்டனை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. 'மன்னிக்கப்பட்ட' என்றால் அரசரோ ஆளுநரோ வருவார், 'ரத்தான' என்றால் மேல்முறையீட்டில் ஜெயித்தது போலாகும். 'காலங்கடந்த தீர்ப்பு' தாமதமான தீர்ப்பைத்தான் குறிக்கும். 'காலாவதியான' என்பது பரவாயில்லை, ஆனால் அது மாத்திரைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் பழகிப்போன சொல், தேதி தாண்டினாலே போதும் என்ற எண்ணத்தைத் தருகிறது, இடையில் ஒழுங்காக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

எனக்குச் சரியாகப் படுவது 'தீர்ந்த'. அரிசி தீர்ந்தது, கடன் தீர்ந்தது, பகை தீர்ந்தது என்று மூன்றையும் ஒரே வினையில் சொல்கிறோம். செலவாகிவிட்டது என்பதும் கணக்கு முடிந்தது என்பதும் அதற்குள் சேர்ந்தே இருக்கின்றன, போதாததற்கு 'தீர்ப்பு' பிறந்ததும் அதே 'தீர்'-இலிருந்துதான். 'தீர்ந்த தண்டனை' என்று நிறுத்தாமல் 'தீர்ந்த குற்றப்பதிவு' என்று சொல்வது நல்லது, ஏனென்றால் தண்டனை என்பது வேறு, கன்விக்‌ஷன் என்பது குற்றவாளி என்ற தீர்ப்பு, போலீஸ் எழுத்தில் கொடுக்கும் எச்சரிக்கைகூட இந்தக் கணக்கில் வரும். அப்படியானால் 'அன்ஸ்பென்ட்' என்பது 'தீராத குற்றப்பதிவு'.

எவ்வளவு காலத்தில் தீரும்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபர் 28 முதல், ஓராண்டு வரையிலான சிறைத்தண்டனைக்கு ஓராண்டு, ஓராண்டுக்கு மேல் நான்கு ஆண்டு வரை என்றால் நான்கு ஆண்டு, அதற்கும் மேல் என்றால் ஏழு ஆண்டு. கடைசி வகையில் கடுமையான வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்கள் சேராது, அவை தீர்வதே இல்லை. 1974-ல் இருந்தது இதைவிடக் கடுமையான கணக்கு, இரண்டரை ஆண்டுக்கு மேல் தண்டனை வாங்கிய யாருக்கும் வாழ்நாள் முழுக்கத் தீராது. எண்ணும்போது பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு, வெளியே வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. எட்டு மாதத் தண்டனை வாங்கி நான்காவது மாதத்தில் வெளியே வந்தாலும், எட்டு மாதமும் முடிந்த பிறகுதான் அந்த ஓராண்டு ஓட ஆரம்பிக்கும்.

இனி முக்கியமான விஷயம். தீர்ந்தது என்றால் அழிந்தது என்று அர்த்தமில்லை. போலீஸ் கணினியில் அந்தப் பதிவு அந்த ஆளுக்கு நூறு வயது ஆகும்வரை இருக்கும். கடை, கிடங்கு, அலுவலகம் மாதிரி சாதாரண வேலைகளுக்கு எடுக்கும் 'பேசிக்' டிபிஎஸ் சான்றிதழில் (டிபிஎஸ் என்பது குற்றப் பின்னணியைச் சரிபார்த்துச் சொல்லும் அரசு அமைப்பு) தீராதது மட்டுமே தெரியும், ஆனால் முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், டாக்ஸி லைசென்ஸ் என்று வரும்போது எடுப்பது மேல்நிலைச் சோதனை, அதில் தீர்ந்ததும் வரலாம். அங்கிருக்கும் தமிழர்களில் கேர் ஹோமுக்கும் டாக்ஸிக்கும் போகிறவர்கள் நிறையப் பேர், அவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மேல்நிலைச் சோதனையிலும் சின்னச் சின்னப் பழைய பதிவுகளை வடிகட்டி எடுத்துவிடும் விதி 2013-ல் வந்தது, அது சும்மா வரவில்லை. டி என்ற எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரு பையன், பதினோரு வயதில் இரண்டு சைக்கிள் திருடியதற்காகப் போலீஸ் எச்சரிக்கை வாங்கியிருந்தான், பதினேழு வயதில் ஒரு கால்பந்து கிளப்பில் பகுதிநேர வேலைக்குப் போனபோது அது சான்றிதழில் எட்டிப் பார்த்தது, அப்புறம் கல்லூரிப் படிப்புக்குப் போனபோதும் வந்தது. 2013 தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவன் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்த விதி வந்தது, வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2014-லும் அவன் பக்கமே தீர்ப்பானது.

இந்தியாவில் இந்தச் சொல்லுக்கு நேர் இணை தேடினால் கிடைக்காது, காரணம் மொழி அல்ல, பெரியவர்களுக்கு இப்படி ஒரு பொதுச் சட்டமே இல்லை. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 24-ஆம் பிரிவு சிறுவர்களுக்கு மட்டும் தகுதியிழப்பை நீக்குகிறது. மற்றபடி அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவம் தண்டனையை மட்டுமல்ல, கைதானதையும் நிலுவை வழக்கையும்கூடக் கேட்கும், அங்கே மறைத்தால் அதுவே தனிப் பிரச்சினை. 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மறைத்த விஷயம் அற்பமானதாக இருந்தால் அதிகாரி அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது, ஆனால் அது அவர் கையில் இருக்கும் விருப்பம், உரிமை அல்ல. பிரிட்டன் பழக்கத்தில் இங்கே "இல்லை" என்று எழுதிவிடக் கூடாது, அங்கே உண்மையாவது இங்கே பொய்யாகிவிடும்.

பிரிட்டனில் இருப்பவருக்குத் தன் பதிவு தீர்ந்ததா என்று சந்தேகம் வந்தால், படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் தன் பேரிலேயே ஒரு பேசிக் டிபிஎஸ் சான்றிதழை அரசின் இணையதளத்தில் எடுத்துப் பார்த்துவிடலாம், முதலாளி கேட்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, பதினாறு வயது ஆகியிருந்தால் போதும். ஸ்காட்லாந்துக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் கணக்கு வேறு, அங்கே இருப்பவர்கள் மேலே உள்ள ஆண்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.